'ஃபன்னி பாய்': எண்பத்து மூன்றின் கதையா, ஆர்ஜியின் கதையா?

வெள்ளவத்தை மழை | சனி, இரவு 10.40

போன வாரம் இங்கே ஸ்காபரோவில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' எடுத்தோம். 14 பேர், இரண்டு மணித்தியாலம். முதல் ஒன்றரை மணித்தியாலமும் கறுப்பு யூலைதான், 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரம். ஆர் எங்கே ஒளிந்திருந்தது, எந்த அயலவர் கதவைத் திறந்தது, எந்த முகாமில் எத்தனை நாள் என்று. எல்லாம் கேட்க வேண்டிய கதைகள், குறை சொல்லவில்லை. ஆனால் கதையின் நாயகன் ஆர்ஜியின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. முடிகிற நேரம் ஒரு அக்கா "அந்த மற்ற விசயமும் இருக்குத்தானே" என்றார். உடனே எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிராக, என்னோடு வேலை செய்கிற கனடியப் பெண் ஒருத்தி பல்கலைக்கழகத்தில் இதே நாவலைப் பாடமாகப் படித்தவள். அவளிடம் கேட்டால், தன்பால் ஈர்ப்பை உணரும் ஒரு பையன் வளர்கிற கதை என்கிறாள். கலவரம் எங்கே என்றால், "ஓ, கடைசி அத்தியாயம்" என்கிறாள். கடைசி அத்தியாயமாம்! ஆர்ஜியின் ராதா அன்ரியைக் கலவரக்காரர் ரயிலில் வைத்து அடித்தது எந்த அத்தியாயம்? இரண்டாவது!

எனக்கு என்னவோ இரண்டு பக்கமும் பாதிப் புத்தகத்தைத்தான் வாசித்திருக்கிறது போலிருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சும்மா வாசகன் | சனி, இரவு 11.05

படிக்காதவங்களுக்காக ரெண்டு வரியில் கதை சொல்லுங்களேன் அக்கா. நான் படம் மட்டும் பார்த்தேன், அதுவும் பாதி.

வெள்ளவத்தை மழை | சனி, இரவு 11.30

சரி. 1994இல் கனடாவில் வந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. 'ஆறு கதைகளில் ஒரு நாவல்' என்பது துணைத்தலைப்பு. கொழும்பில் வசதியான தமிழ்க் குடும்பம். நடுப்பிள்ளை ஆர்ஜி. முதல் கதையில் அவனுக்கு ஏழு வயது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் எல்லோரையும் அம்மாச்சி வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் போய்விடுவார்கள். முன் வளவும் ரோட்டும் பெடியங்களுக்கு, கிரிக்கெட். பின் வளவும் குசினிப் பக்கமும் பெட்டைகளுக்கு. ஆர்ஜி பின் வளவில். அங்கே கல்யாண விளையாட்டு, அவன்தான் மணப்பெண். பழைய வெள்ளைச் சீலை ஒன்று இருக்கும், அதை உடுத்துகிற நேரத்துக்காகத்தான் அவன் அந்த மாதம் முழுக்கக் காத்திருப்பான்.

வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாள் ஒருத்தி தனக்கு அந்த இடம் வேண்டும் என்கிறாள். சண்டை. அவளுடைய தாய் ஆர்ஜியைச் சீலையோடும் பவுடரோடும் இழுத்துக்கொண்டு போய், பெரியவர்கள் இருந்து கதைக்கிற ஹோலில் நிறுத்துகிறார். ஒரு மாமா சிரித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்து, உனக்கு ஒரு 'ஃபன்னி' பிள்ளை வாய்த்திருக்கு என்கிறார். அந்த ஒரு சொல்லோடு அவனுக்குப் பின் வளவு மூடிவிடுகிறது. முன் வளவும் திறக்கவில்லை.

அங்கிருந்து அத்தியாயத்துக்கு அத்தியாயம் பையன் வளர்கிறான், நாடு சுருங்குகிறது. சிங்கள இளைஞனை விரும்பிய ராதா அன்ரி, யாழ்ப்பாணத்தில் என்ன நடக்கிறது என்று எழுதப்போன, ஐரோப்பிய வழிவந்த பறங்கியரான டரில் அங்கிள், அப்பாவின் பழைய சிநேகிதரின் மகன் ஜெகன், பிறகு பள்ளிக்கூடம், அங்கே ஆர்ஜி விரும்புகிற ஷெஹான். கடைசியில் யூலை 25இல் தொடங்குகிற நாட்குறிப்பு.

பழைய ரயில் | ஞாயிறு, காலை 6.15

பிள்ளை, ஒரு விசயம் சொல்லவேணும். உங்கள் வட்டத்தில் ஒன்றரை மணித்தியாலம் கதைத்த ஆக்களில் ஒருவனாக நானும் இருந்திருக்கலாம்.

எனக்கு அப்போது 19 வயது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 ஆமிக்காரர் செத்த செய்தி வந்து, கொழும்பில் பொறளைக் கனத்தை மயானத்தில் தொடங்கி, திங்கட்கிழமை விடிய எங்கள் ஒழுங்கைக்குள் வந்தார்கள். கையில் தாள். வாக்காளர் இடாப்பு. ஆள் ஆளாய்ப் பேர் பார்த்து வீடு பார்த்து வந்தார்கள். எங்களைக் கொண்டுபோய்த் தன்னுடைய அரிசி மூட்டைக்குப் பின்னால் இருத்தினவர் ஒரு சிங்களக் கடைக்காரர். மூன்று நாள். பிறகு முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. செல்வதுரையின் நாட்குறிப்பில் அந்த இடாப்பு வருகிறது. ஆங்கிலத்தில் அச்சான ஒரு புத்தகத்தில் நான் அதை முதன்முதலில் பார்த்தது அங்கேதான். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். அதற்குமேல் அந்தப் பையன் யாரை விரும்பினான் என்பது என் கண்ணில் படவில்லை. வேறு எப்படி வாசித்திருக்க வேணும் என்கிறீர்கள்?

வெள்ளவத்தை மழை | ஞாயிறு, காலை 8.00

அண்ணா, நீங்கள் அப்படித்தான் வாசிப்பீர்கள், வாசிக்கவும் வேண்டும். நான் கேட்பது 30 வருடத்துக்குப் பிறகும் மற்ற 13 பேரும் ஏன் கோப்பைக்குள் பார்த்தார்கள் என்பதை.

நாலாம் வாசல் | ஞாயிறு, பகல் 12.20

எனக்கு இந்த நாவல் மேல் ஒரு கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். இது யாருடைய எண்பத்து மூன்று? அப்பாவுக்குத் தென்கரையில் ஹோட்டல். வீட்டில் வேலைக்காரி. அன்ரிகள் அமெரிக்காவில் படித்துவிட்டு வருகிறார்கள். எரிந்த பிறகு கனடா. அதே வாரம் மலையகத்தில் அடி வாங்கிய தோட்டத் தொழிலாளர் லயன் குடும்பங்களுக்கு எந்த விமானம் இருந்தது? வெளிநாட்டு வாசகருக்குச் சோகத்தையும் தர வேண்டும், அது கொஞ்சம் நாகரிகமாகவும் இருக்க வேண்டும். அதற்கு வசதியான குடும்பம் தோதாக இருக்கிறது. விருதுகள் அப்படித்தான் வருகின்றன.

கூகைக்குரல் | ஞாயிறு, பகல் 1.10

@நாலாம் வாசல் விருது விவரத்தைப் பார்த்தால் கொஞ்சம் சுவாரசியம். கனடாவின் இலக்கியப் பரிசான கில்லர் பரிசு தொடங்கியதே 1994இல்தான். முதல் குறும்பட்டியலிலேயே இந்த நாவல் இருந்தது. பரிசு எழுத்தாளர் எம்.ஜி. வஸன்ஜிக்குப் போனது. அவரும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கனடா போனவர். ஆக, அங்கே புலம்பெயர்ந்தவர் எழுத்துக்குக் கதவு திறந்துகொண்டிருந்த நேரம் என்பது உண்மை. முதல் நாவலுக்கான கனடிய விருதும், தன்பால் ஈர்ப்பு இலக்கியத்துக்கான லாம்டா விருதும் கிடைத்தன. ஒரே புத்தகம் கடையில் இரண்டு தட்டுகளில் இருந்திருக்கும். மழை அக்காவின் தோழி ஒரு தட்டிலிருந்து எடுத்தவர் போல.

ஆனால் வர்க்கம் தெரியாமல் அவர் எழுதினார் என்பதை ஏற்க மாட்டேன். ஜெகன் கதையைப் படியுங்கள். இடம்பெயர்ந்த மலையகத் தமிழரைக் குடியமர்த்திய காந்தியம் அமைப்பில் வேலை செய்த பையன். அவனை வீட்டில் வைத்துக்கொண்டு, வேலை கொடுத்து, பிரச்சினை வந்ததும் அப்பா கைகழுவுகிறார். தொழில் கெட்டுவிடும் என்கிற கணக்கு. அந்த அப்பாவை எழுத்தாளர் காப்பாற்றவே இல்லை. நல்லவராகவும் கோழையாகவும் அப்படியே விட்டுவிடுகிறார்.

சும்மா வாசகன் | ஞாயிறு, பகல் 1.45

படத்தைப் பற்றி யாரும் பேச மாட்டீங்களா? அதுல தமிழ் கேட்டு எங்க வீட்டு நாய்கூட எழுந்து போயிடுச்சு.

வெள்ளவத்தை மழை | ஞாயிறு, பகல் 2.30

தீபா மேத்தாவின் படம் 2020 டிசம்பரில் வந்தது. திரைக்கதையில் செல்வதுரையும் சேர்ந்திருந்தார். வரும் முன்பே முன்னோட்டத்தைப் பார்த்துக் கனடாத் தமிழர் கொதித்துவிட்டார்கள். முக்கியமான பாத்திரங்களுக்குத் தமிழர் அல்லாதவர்களைப் போட்டது ஒன்று, அவர்கள் பேசிய தமிழ் மற்றொன்று. பிறகு சில வசனங்களைத் திரும்ப ஒலிப்பதிவு செய்தார்கள். இதைவிடப் பகிடி, ஆஸ்காரின் சர்வதேசப் படப் பிரிவுக்குக் கனடா இதை அனுப்ப, பாதிக்கு மேல் ஆங்கிலம் என்று அவர்கள் தள்ளிவிட்டார்கள். ஒரு பக்கம் தமிழ் பிழை, மறுபக்கம் ஆங்கிலம் கூட!

நான் அம்மம்மாவோடு இருந்து பார்த்தேன். அவவுக்கு 86. கதை பிடிபட்டதோ தெரியாது. ஒவ்வொரு தரமும் படத்தில் தமிழ் வந்தவுடன் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்தா. இரண்டு சொல் கேட்டுவிட்டுத் திரும்பப் பின்னுக்குச் சாய்ந்தா. பத்துத் தரம் இருக்கும். பிறகு "இவை எந்த ஊர் ஆக்கள்?" என்று கேட்டா.

கூகைக்குரல் | ஞாயிறு, பகல் 3.05

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நாவலில் ஆர்ஜிக்கே தமிழ் பெரிதாகத் தெரியாது. சிங்கள மொழிமூலம் படிக்கிறவன், எதிர்காலம் சிங்களத்தில்தான் என்று அப்பா போட்டுவிட்டது. பள்ளிக்கூடமான விக்டோரியா அகாடமியில் சிங்கள வகுப்புக்கு அவன் போகும்போது, சல்காது என்கிற பையன் தமிழ் வகுப்புக்குப் போ என்று விரட்டுகிறான். உடனே ஷெஹான், தமிழர்கள் சிங்களம் படிக்க வேண்டும் என்று நீதானே எப்போதும் சொல்வாய் என்று கேட்டு வாயடைக்கிறான். ஷெஹான் யார் என்று அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஆக, ஆர்ஜியின் வாயில் தமிழ் தடுக்கினால் அது நாவலுக்கு விரோதமில்லை. அந்தத் தடுக்கலே கதைதான்.

பழைய ரயில் | ஞாயிறு, மாலை 4.40

தம்பி, ஆர்ஜிக்குத் தடுக்கலாம். அம்மாச்சிக்குத் தடுக்கக் கூடாது. தகப்பனை முந்தின ஒரு கலவரத்தில் பறிகொடுத்த மனிசி அவ. அவவின் வாயில் தமிழ் பிழைத்தால் மற்றதை நம்ப ஏலாது. மொழிக்காக அடிபட்ட சனத்தின் கதையில் மொழியை இரவல் வாங்கினால் கோபம் வராதா?

கூகைக்குரல் | ஞாயிறு, மாலை 5.00

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. அம்மாச்சி விஷயத்தில் வாதமே இல்லை.

உப்புக்காற்று | ஞாயிறு, இரவு 9.50

மூன்று வருடமாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன். இது முதல் பதிவு.

நான் கிழக்கு மாகாணம். 17 வயதில் இந்த நாவலை ஒரு அண்ணன் தந்தார், அட்டைக்குப் பழைய பேப்பர் சுற்றி. அட்டையில் ஒன்றும் இல்லை, இருந்தும் சுற்றித் தந்தார். எனக்கு அப்போது ஆங்கிலம் குறைவு. அகராதியோடு முதல் கதையை முடிக்க இரண்டு கிழமை போனது.

அதில் ஒரு இடம். அம்மா எங்கோ விசேசத்துக்குப் போக உடுத்துகிறா. ஆர்ஜி கட்டிலில் இருந்து பார்க்கிறான். பெட்டிக்கோட், பிளவுஸ், சீலை மடிப்பு. சிங்கள நடிகை மாலினி பொன்சேகாபோல அம்மா தெரிகிறா. அம்மாவுக்கும் அவன் அங்கே இருப்பது பிடிக்கும். மச்சாளோடு சண்டை நடந்த பிறகு அம்மா அறைக்கதவைப் பூட்டிக்கொள்கிறா. காரணம் சொல்லவில்லை. எங்கள் அம்மா மடிப்புப் பிடிக்கும்போது கீழே இருந்து நுனியை இழுத்து நேராக்கிவிடுவது என் வேலை. ஆறு ஊசி என் வாயில் இருக்கும், ஒவ்வொன்றாய்க் கேட்டு வாங்குவா. ஒரு நாள் "இனி தங்கச்சி செய்வாள்" என்றா. அப்போது எனக்குப் பத்து வயது. ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தேன். தங்கச்சிக்கு அந்த வேலை பிடிக்கவே இல்லை.

அந்தப் பக்கத்தை வாசித்தபோது, கொழும்பில் ஹோட்டல் வைத்திருந்த வீட்டுக் கதை என்று எனக்குப் படவில்லை, நாலாம் வாசல் அண்ணா. எங்கள் வீட்டில் ஓலைக்கூரை.

இன்னொன்று. பிரிட்டிஷ்காரன் 1883இல் எழுதி வைத்த தண்டனைச் சட்டக்கோவையில், தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இங்கே இலங்கையில் இன்னும் இருக்கின்றன. அவற்றை மாற்றும் மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதோடு நிற்கிறது. எழுத்தாளர் போன நாட்டில் இது நாவல். இங்கே நாங்கள் அட்டை சுற்றித்தான் வாசிக்கிறோம்.

நாலாம் வாசல் | ஞாயிறு, இரவு 10.30

தம்பி, வாசித்தேன். இரவல் கோபத்தில் எழுதிவிட்டேனோ என்று யோசிக்கிறேன். மலையகம் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்த ஊசி விஷயம்... சரி.

சும்மா வாசகன் | திங்கள், காலை 9.15

சீரியஸா ஒரு கேள்வி. இதைத் தமிழில் கொண்டுவந்தா தலைப்பு என்ன வைப்பீங்க? 'வேடிக்கைப் பையன்'னா காமெடிப் படம் மாதிரி இருக்கு.

கூகைக்குரல் | திங்கள், காலை 11.00

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். ஆர்ஜியே அந்தச் சொல்லை எடுத்து யோசிப்பான். சிரிப்பு வருவது ஒரு பொருள், விசித்திரமானது இன்னொன்று, மாமா சொன்னபோது இருந்த தொனிக்கு இரண்டும் பொருந்தவில்லை என்பான். அந்த ஏழு வயதுக் குழப்பத்தைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

'விசித்திரம்' செத்த சொல். யாரும் வீட்டில் பேசுவதில்லை. எங்கள் பக்கம் இயல்பாக வருவது 'ஒரு மாதிரி'. "அந்தப் பையன் ஒரு மாதிரி" என்றால் போதும், மேற்கொண்டு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். குழந்தைக்குப் புரியாது, பெரியவர்களுக்குப் புரியும். ஆனால் அதில் சிரிப்பு இல்லை.

'வேடிக்கை'யில் சிரிப்பு இருக்கிறது. அதோடு 'வேடிக்கை பார்ப்பது' என்றும் ஒன்று இருக்கிறதல்லவா? ஹோலில் பிள்ளையைச் சீலையோடு நிறுத்தி எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள். கடைசிக் கதையில் வீடு எரியும்போது தெருவில் நின்று பார்ப்பவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் கிடைக்காத ஒரு இழை தமிழில் தானாக வந்து விழுகிறது. தலைப்புக்குச் சரிவராது, உள்ளே பயன்படுத்துவேன்.

வெள்ளவத்தை மழை | திங்கள், பகல் 12.10

முதல் கதையின் கல்யாண விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் பேர் 'பிரைட்-பிரைட்'. எங்கட தமிழில் அது 'பொம்பிளை-பொம்பிளை' என்று வரும். பொம்பிளை என்றால் எங்களுக்கு மணப்பெண்தான், 'பொம்பிளை மாப்பிள்ளை' என்போமே.

சும்மா வாசகன் | திங்கள், பகல் 12.15

எங்க ஊர்ல பொம்பளைன்னா வெறும் பெண். ஆம்பளைப் பையன் 'பொம்பளை-பொம்பளை' விளையாடுறான்னா... ஐயோ, அதுவும் சரியாத்தானே இருக்கு!

உப்புக்காற்று | திங்கள், இரவு 8.30

தலைப்பு 'ஒரு மாதிரி' என்றே இருக்கட்டும். எனக்குச் சொன்ன சொல் அதுதான்.

பழைய ரயில் | செவ்வாய், காலை 5.50

நேற்று ஐந்தாம் கதையைத் திரும்ப எடுத்து வாசித்தேன். முன்பு வேகமாய்த் தாண்டிப்போன கதை. 'பிளாக் டை' என்று பெடியங்கள் பட்டம் வைத்த அதிபர். பெடியங்களை வெயிலில் நிறுத்தி, பிரம்பால் அடித்து வளர்க்கிற ஆள். பரிசளிப்பு விழாவில் சொல்ல ஆர்ஜிக்கு இரண்டு கவிதை, நியூபோல்ட் எழுதினது. கிரிக்கெட்டும் பள்ளிக்கூட மானமும் பற்றின வெள்ளைக்காரக் கவிதை. அதிபருடைய பேச்சே அந்தக் கவிதைகளை வைத்துத்தான். அவருடைய பதவி ஆட்டத்தில் இருக்கிறது. அவர் போனால் வருகிற உப அதிபர் பள்ளிக்கூடத்தைப் பௌத்தப் பள்ளிக்கூடமாக்கப் பார்க்கிறவர். அதனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த அடிகாரனே பாதுகாப்பு. ஆர்ஜிக்கு இது தெரியும். தெரிந்தும் மேடையில் ஏறிக் கவிதைகளைக் குழப்பியடிக்கிறான். ஷெஹானை அந்த ஆள் சித்திரவதை செய்கிறதால்.

முதல் வாசிப்பில் எனக்குக் கோபம் வந்தது இப்போது ஞாபகம் வருகிறது. இனத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டானே என்று. நேற்று அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்தில் கொஞ்சம் நடந்தேன். 1983 தையிலோ மாசியிலோ அந்த மேடையில் நான் நின்றிருந்தால் கவிதையை ஒழுங்காகச் சொல்லியிருப்பேன். ஒரு எழுத்துப் பிசகாமல். அது சரியா பிழையா என்று இன்னும் தெரியவில்லை.

மழைப் பிள்ளை, உங்கள் வட்டத்தில் திரும்ப இதை எடுத்தால் அந்த ஐந்தாம் கதையில் இருந்து தொடங்குங்கள். இரண்டு பாதியும் அங்கேதான் முட்டுகின்றன.

நாலாம் வாசல் | செவ்வாய், காலை 10.05

இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் விமர்சனம். மற்றதெல்லாம் நம் பிரலாபம்.

வெள்ளவத்தை மழை | வியாழன், இரவு 9.20

அண்ணா, அடுத்த மாதம் அப்படியே செய்கிறோம். நீங்களும் சூமில் வரவேணும்.

ஒரு சின்னத் தகவல். அம்மா இந்தப் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்று இருந்தவ. முந்தாநாள் முதல் கதையை நானே தமிழில் சொல்லிக் காட்டினேன், சமைத்துக்கொண்டே கேட்டா. பெடியன் கடற்கரைக்கு ஓடுகிற இடம் வரை ஒன்றும் பேசவில்லை. முடிந்த பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டு, "அந்தச் சீலை கிழிஞ்சதைத் திரும்பத் தைச்சவையோ?" என்று கேட்டா. புத்தகத்தில் அது இல்லை என்றேன். "பிறகு மற்றப் பிள்ளையள் எதை உடுத்தி விளையாடினவை?"

உப்புக்காற்று | வியாழன், இரவு 9.45

அம்மாவுக்கு இரண்டாம் கதையும் சொல்லுங்கோ அக்கா.

சும்மா வாசகன் | வியாழன், இரவு 10.10

புத்தகம் ஆர்டர் பண்ணிட்டேன். அட்டை சுத்தாமதான் படிக்கப் போறேன், ஆபீஸ் பஸ்ல.